எட்டு வருட இருமல்

"குனி! குனி!"

யாரோ ஒரு மலையாளி கத்துகிறான். நான் குனியவில்லை. குனிந்தால் ரொட்டி விழுந்துவிடும்.

ஈராக் படையெடுப்பின் இருபத்திரண்டாம் நாள். குவைத். சால்மியா. காலை எட்டே கால். ரொட்டிக்கடை வரிசையில் ஆறு மணியிலிருந்து நின்றவன் நான். ஒன்பது ரொட்டி கிடைத்தது. வீட்டில் மூன்று பேர், ஆளுக்கு மூன்று. கையில் வாங்கிய நிமிடம் சத்தம். முதலில் தனித்தனியாக மூன்று. டப். டப். டப். பிறகு தையல் மெஷின் மாதிரி ஒரே ஓட்டம். வரிசை சிதறியது. ஒன்பது ரொட்டியையும் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடுகிறேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது. வயிறு வேகிறது. பின்னால் குண்டு. முன்னால் சூடு. எதற்கு அலறுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து அலறினேன்.

போரில் காயம் பட்டதா என்று இன்றும் சிலர் கேட்பார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். தொப்புளுக்கு மேலே, உள்ளங்கை அளவு. ரொட்டிக் காயம்.

வீட்டை அடைந்தேன். கேட் திறந்திருக்கிறது. கார் இல்லை.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஏசுபாதம். சித்தூர் ஜில்லா, வெதுருகுப்பம் பக்கம். அந்த வீட்டில் சமையல்காரன். அதே வீட்டில் டிரைவர் இம்மானுவேல். என் அக்கா புருஷன். நான் மாமா என்று கூப்பிடுவேன். குவைத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான். மூன்றாவது ஆள் ஜீவா. மாமாவின் தம்பி. வேறு ஒரு வீட்டில் வேலை. ஈராக் படை வந்ததும் அவனுடைய முதலாளி அவன் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு ஓடிப்போனார். ஐந்தாம் நாள் ஜீவா எங்களிடம் வந்து சேர்ந்தான். எங்கள் முதலாளி நல்லவர். மூன்றாம் நாள் சவுதிக்குத் தப்பிப் போகும்போது எங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்து மாமா கையில் கொடுத்தார். பழைய கார் ஒன்றையும் விட்டுவிட்டுப் போனார்.

ஆக, மூன்று ஆள். இரண்டு பாஸ்போர்ட். ஒரு கார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வரவே வராது. இந்தக் கணக்கும் எனக்கு வரவில்லை. மாமாவுக்கு வந்தது.

அன்று காலை கிளம்புவதாகத் திட்டம். பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை. பெட்ரோல் முந்தின நாளே நிரப்பியாயிற்று. "பாலைவனத்துல துன்றதுக்கு இன்னா கீது? போய் ரொட்டி வாங்கிக்கினு வா" என்று மாமாதான் என்னை அனுப்பினார்.

படிக்கட்டில் என் பெட்டி இருந்தது. பூட்டு உடையவில்லை. மடித்த துணி மடித்தபடி. பக்கத்தில் என் செருப்பு, ஜோடியாக. மாமா கையில் இருந்த என் பாஸ்போர்ட் மட்டும் இல்லை. எனக்கும் ஜீவாவுக்கும் அப்போது ஒரே தாடி, ஒரே ஒல்லி உடம்பு. பாஸ்போர்ட் போட்டோவில் நான் என்னைப் போல இருந்ததில்லை. அவனைப் போலத்தான் இருந்தேன்.

என் பெட்டியை விட்டுவிட்டு என் பெயரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அது அப்போது எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்து மூன்று ரொட்டி தின்றேன். மிச்சம் ஆறை அவர்களுக்கு எடுத்து வைத்து, ஆறிப்போகாமல் துணி போட்டு மூடினேன். டயருக்குக் காற்றடிக்கப் போயிருப்பார்கள். பத்து மணி. வழியில் யாராவது நிறுத்தியிருப்பார்கள். பன்னிரண்டு மணி. மூன்று மணிக்கு ரொட்டி தட்டினால் சத்தம் வருகிற அளவுக்குக் காய்ந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது. ரொட்டிக்கு என்னைவிட முன்பே புரிந்திருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள். ஜோர்டான் எல்லை. மலையாளிகள் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டி பஸ்ராவிலேயே போயிற்று. இது ஈராக்கும் இல்லை, ஜோர்டானும் இல்லை. நடுவில் கிடக்கிற மணல். அதில் கூடாரங்கள். எண்ண முடியாத அளவுக்கு ஜனம். காற்று ஊ என்று அடிக்கிறது. பல்லில் மணல். காதில் மணல். கனவிலும் மணல்.

ஒரு மேஜை. ஒரு இந்திய ஆபீசர். ஒரு பெரிய நோட்டு. என் முறை வந்தது. ஏசுபாதம், தகப்பன் பெயர் தாவீது, சித்தூர் ஜில்லா. ஆபீசர் புரட்டினார். அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்றது. ஆந்திரப் பிரதேசம், ஏசுபாதம், போன வாரமே இந்த வழியாகப் போய்விட்டான் என்று இந்தியில் சொன்னார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யார் போனது என்று.

எனக்குப் பின்னால் நின்றவன் சிரித்துவிட்டான். இந்தி தெரிந்தவன். எனக்குத் தெலுங்கில் விளக்கினான். நீ இந்தியாவில் இருக்கிறாயாம், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கிறார்.

அவன் பெயர் வெங்கடரமணா. பீலேர் பக்கம். வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அவனிடமும் பாஸ்போர்ட் இல்லை. ஆனால் அவன் பெயரில் யாரும் முன்னால் போகவில்லை. அதனால் பட்டியலில் அவன் பெயரை ஏற்றிக்கொண்டார்கள். என்னைக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள்.

பத்து நாள் ஒரே கூடாரம். தண்ணீர் லாரி ஒரு நாளைக்கு இரண்டு தடவை. காலை பத்து. மாலை நான்கு. வரிசை இரண்டு மணி நேரம் பிடிக்கும். நான் கதை சொல்லுவேன். அவன் தண்ணீர் கொண்டுவருவான். அதுதான் எங்கள் ஏற்பாடு. என் ரொட்டிக் காயத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் அவன். என் மாமாவைக் கெட்ட வார்த்தையால் திட்டியவனும் அவன். எனக்காக ஒரு மனுஷன் திட்டியது அந்தப் பாலைவனத்தில் எனக்கு ஜெபம் மாதிரி இருந்தது.

நாற்பத்தோராம் நாள் பஸ் ஏறினேன். அம்மான். விமானம். பம்பாய். எப்படி ஏறினாய் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கேயும் கொஞ்சம் பொறுங்கள்.

நாற்பத்துநான்காம் நாள் ஊர். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் வேதக்கோயில் மணிக்கூண்டு தெரிகிறது. தெருவில் முதலில் பார்த்தவள் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பேயென்று நினைத்தாள் போல. அக்கா வீட்டிலிருந்து ஓடிவந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நைனா போயிட்டாருடா என்றாள். நைனா என்றால் எங்கள் அப்பா.

நடந்தது இது. பம்பாயில் வந்து இறங்கியவர்களின் பட்டியல் சித்தூருக்கு வந்தது. அதில் என் பெயர். நைனா கோயிலில் காணிக்கை போட்டு மணி அடித்திருக்கிறார். அடுத்த நாள் மாமா மட்டும் வந்து சேர்ந்தார். தனியாக. ஜீவா குண்டக்கல்லிலேயே இறங்கி, பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான். என் பையன் எங்கே என்று நைனா கேட்டார். மாமா சொன்னார்.

"கூட்டம் ஜாஸ்தி மாமா. அடுத்த வண்டில வந்துக்கினு கீறான்."

நைனா அடுத்த வண்டிக்குப் போனார். ரேணிகுண்டா ஸ்டேஷன். அக்கா செய்த புளிச்சோறு டிபன் டப்பாவில். அந்த வண்டியில் நான் இல்லை. அதற்கடுத்த வண்டியிலும் இல்லை. ஐந்து நாள். பம்பாயிலிருந்து வந்த ஒவ்வொரு வண்டிக்கும் முன்கோடிக்கு ஓடிப்போய், ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே பின்கோடிக்கு வந்திருக்கிறார். மழையில் நனைந்தார். யாரோ சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. முப்பத்தாறாம் நாள் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும், வண்டி வந்துச்சா, வண்டி வந்துச்சா.

அன்று நான் மணலில் உட்கார்ந்து ரமணாவுக்கு ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை உட்கார்ந்தது. மாமா முழங்காலில் விழுந்தார். எல்லார் முன்னாலும் அழுதார். பாஸ்டர் ஐயா என் தோளில் கை வைத்து, மன்னித்துவிடு தம்பி, ஆண்டவர் சொன்னது அதுதானே என்றார். நான் சொன்னேன்.

"நோட்ட பாருங்க ஐயா. இன்னொரு ஏசுபாதம் போன மாசமே வந்துட்டான். அவன் மன்னிச்சிருப்பான்."

சபையே சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். அப்படியே கலைந்தது. சிரிக்க வைத்து நழுவுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து கைவந்த வித்தை.

இருமல் அடுத்த ஞாயிறு தொடங்கியது.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம். அதில் ஒரு வரி வரும். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல நீரும் எங்களை மன்னியும் என்கிற பொருளில் வருகிற வரி. அது வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். பொய்யைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சும்மா இருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். இருமினேன். அடுத்த வரியில் சரியாகச் சேர்ந்துகொண்டேன். அதற்கடுத்த வாரமும். எட்டு வருடம். பாஸ்டர் ஐயா வேலூரிலிருந்து மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். வாங்கிச் சப்பினேன். இனிப்பாக இருந்தது. இந்த மாத்திரை வருகிற வரைக்கும் இருமலுக்குக் காரணம் கெட்ட எண்ணம்தான். அதன் பிறகு கொஞ்சம் ருசியும் சேர்ந்துகொண்டது.

அக்காவை ஏமாற்ற முடியவில்லை. ஒருநாள் சொன்னாள்.

"மத்த வரிக்கெல்லாம் தொண்ட நல்லா கீதே. அது ஒண்ணுக்கு மட்டும் இன்னாடா வருது?"

அவள் என்னை மன்னிக்கச் சொல்லி ஒருபோதும் கேட்டதில்லை. நைனாவுக்கு அவளும் மகள். மாமாவுக்கு அவள் பெண்டாட்டி. ஒவ்வொரு நாளும் அந்த இரண்டுக்கும் நடுவில் எழுந்து அடுப்பு பற்ற வைத்தாள்.

காலம் மாறியது. ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்தது. கூரைக்குக் கூரை டி.வி. ஆன்டெனா. வயசுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் தடாப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் போனார்கள். யுத்தம் முடிந்ததும் எங்கள் ஜனம் மறுபடி குவைத்துக்குக் கிளம்பியது. என்னைப் பார்த்தும் போனார்கள். அங்கே ரொட்டி சூடாகக் கிடைக்குமா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிபன் கடை போட்டேன். மாமா திருப்பதியில் வேன் ஓட்டினார். காணிப்பாக்கம் போகிற பக்தர்களை ஏற்றிக்கொண்டு என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. எட்டு வருடம் ஹாரன் அடிக்காமல் சித்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய ஒரே வண்டி அதுதான்.

சிலுவையில் தொங்கியவர் மன்னித்தபோது ஆணி கையிலேயே இருந்தது. இதை நூறு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். நான் கேட்டதெல்லாம் வேறு. முதலில் ஆணியைப் பிடுங்கு. மருந்து போடு. காயம் ஆறட்டும். அதற்குப் பிறகு மன்னிப்பு பற்றிப் பேசலாம்.

பிறகு ஒரு பிற்பகல். அக்கா மகள் ரூத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களானாலும் தாய்மாமன் முறை விடமாட்டோம். கல்யாணச் சேலையைத் தட்டில் வைத்து எடுத்துக் கொடுப்பதும், பெண்ணைக் கைப்பிடித்துக் கோயில் வாசல் வரை கூட்டிவருவதும் தாய்மாமன். ரூத்துக்கு இருப்பது ஒரே தாய்மாமன். நான். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். தாய்மாமன் இல்லாமல் நான் கோயில் படி ஏறமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம்.

மூன்று மணி. கடையில் யாரும் இல்லை. ஹாரன் கேட்டது. ஒரு தடவை. மாமா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

"ஏன்னு நீ கேக்கவே இல்ல" என்றார்.

"கேட்டா இன்னா சொல்வே?"

"ஜீவா ராவும் பகலும் அயுதுக்கினே இருந்தான்டா. அவன வுட்டா செத்துருப்பான். நீ எங்க போனாலும் நாலு பேர சிரிக்க வெச்சி வந்துருவேன்னு நெனச்சேன்."

இதுதான் காரணம். என் சிரிப்பு. ஊரெல்லாம் நான் விளையாட்டாகச் செலவழித்த சிரிப்பை நம்பி என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தடவை நானும் அழுதிருக்கலாம். தெரியாமல் போயிற்று.

"நைனாவுக்கு ஏன் சொல்லல?"

"வாய் வரல" என்றார். "அந்த ஒண்ணுக்கு எங்கிட்ட காரணமே இல்ல. ஒரு சொம்பு தண்ணி குடு."

மொண்டு கொடுத்தேன். வாங்கினார். அவர் குடிக்கிற சத்தம். மடக். மடக். அந்தச் சத்தத்தில் எனக்கு அது வந்துவிட்டது. பொறுக்கச் சொன்னேனே, அது.

நாற்பத்தோராம் நாள். மாலை நான்கு மணி பத்து நிமிடம். ரமணா தண்ணீர் வரிசைக்குப் போயிருக்கிறான். அவன் பாட்டில் ஒன்று, என் பாட்டில் ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு. பஸ் வந்து நின்றது. ஆபீசர் பட்டியலைப் படிக்கிறார். காற்றில் பாதிப் பெயர் பறக்கிறது. வெங்கடரமணா, ஆந்திரப் பிரதேசம். பதில் இல்லை. இரண்டாம் தடவை. தண்ணீர் லாரி இருநூறு அடி தூரத்தில். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். குரல் கொடுத்திருந்தாலே போதும். எனக்குத்தான் பெரிய குரலாயிற்றே. மூன்றாம் தடவை. என் கை மேலே போகிறது. நான்தான் ரமணா என்றேன். பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

நான் இந்தியாவுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவை என் பெயர் வந்தது, நான் வரவில்லை. இன்னொரு தடவை நான் வந்தேன், என் பெயர் வரவில்லை. இதை ஒரு ஜோக்காகச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். பாதி மட்டும்.

முழுவதையும் அன்று மாமாவிடம் சொன்னேன். உலகத்தில் முதலில் கேட்டவர் அவர். அந்த வரியில் நான் இருமியதற்கு அவர் மட்டும் காரணமில்லை. வரியின் முன்பாதி அவருக்காக. பின்பாதி எனக்காக. இரண்டையும் சேர்த்துத்தான் இருமினேன்.

மாமா சொம்பை வைத்தார். மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானா?"

"இல்ல" என்றேன். "நீ செஞ்சது நீ செஞ்சது. நான் செஞ்சது நான் செஞ்சது. இத வெச்சி அத அழிக்க முடியாது."

அவர் தலையாட்டினார். நான் சொன்னேன். சொல்லும்போது குரல் என்னுடையது மாதிரி இல்லை. ரூத் கல்யாணத்துக்கு வருகிறேன். நைனாவைப் பற்றி இனி உன்னைக் கேட்கமாட்டேன். மறக்கமாட்டேன். கேட்கமாட்டேன்.

ஆணி இன்னும் கையில்தான் இருந்தது. அப்படியேதான் சொன்னேன். பிடுங்கிய பிறகு என்றால் அந்தப் பிற்பகல் வந்தே இருக்காது.

மாமா எழுந்தார். நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன். வேன் சாவியை எடுத்தார்.

"பீலேருதானே? வண்டி கீது. கடைய சாத்து."

போனோம். பீலேரில் போய் வெங்கடரமணா என்று கேட்டோம். சித்தூர் ஜில்லாவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். மூன்று பேரைக் காட்டினார்கள். ஒருவர் திருப்பதியைத் தாண்டியதில்லை. இன்னொருவனுக்கு ஒன்பது வயது. மூன்றாமவர் துபாய்க்காரர். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். காதுக்குக் கீழே பார்த்தேன். மச்சம் இல்லை. எஸ்.டி.டி. பூத்தில் பெயரும் என் கடை விலாசமும் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு சுற்றியுள்ள ஊர்களுக்கும் போயிருக்கிறோம். எத்தனையோ தடவை. மாமாதான் ஓட்டுவார். தகவல் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. கோயில். கர்த்தரின் ஜெபம். அந்த வரி நெருங்குகிறது. முன் பெஞ்சில் மாமாவின் முதுகு இறுகுகிறது. பழக்கம். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். ஜெபத்தில் கண் திறக்கக்கூடாது. நான் வாயைத் திறந்தேன். வரி முழுவதும் வந்தது. முன்பாதி சுமாராக. பின்பாதி கெஞ்சலாக.

வெளியே வரும்போது பாஸ்டர் ஐயா கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வேலூர் மாத்திரை நல்ல மாத்திரை தம்பி என்றார்.

இழந்தவை.

பாஸ்போர்ட், ஒன்று. பெட்டி, ஒன்று, பஸ்ராவில். ரொட்டி, ஆறு. டிபன் டப்பா, ஒன்று, ரேணிகுண்டா பிளாட்பாரத்தில். வருடம், எட்டு.

இழந்தவர்கள்.

நைனா தாவீது, அறுபத்தோரு வயது. ஜீவா, உயிரோடு இருக்கிறான், கல்யாணத்துக்கும் வரவில்லை. வந்தால் சாப்பாடு உண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வெங்கடரமணா, பீலேர் பக்கம், வலது காதுக்குக் கீழே மச்சம். இரண்டு பாட்டில் தண்ணீரோடு திரும்பி வந்திருப்பான். இருந்தவர்களில் எழுதுவதா, போனவர்களில் எழுதுவதா, தெரியவில்லை. இடம் விட்டு வைத்திருக்கிறேன்.